வீட்டை மாற்றிக் கட்டப் போகிறீர்களா? முதலில் மானிட்டரில் கட்டிப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். அதன் பின், "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினோமே, வீட்டிற்கு இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி வரும். இந்த மாதம் அதற்கு ஒரு பதிலைப் பார்ப்போம். பழைய வீட்டைப் பெரிய அளவில் மாற்றிக் கட்டும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், கம்ப்யூட்டர் விலையைப் போலப் பல மடங்கு பணத்தை அதே கம்ப்யூட்டர் மிச்சப்படுத்தித் தரும்.

எங்கள் வீட்டில் இரண்டு முறை கட்டட வேலை நடந்தது. முதல் முறை படம் எதுவும் போடவில்லை. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, "இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு கதவு" என்று நான்தான் கொத்தனாரிடம் சொன்னேன். அவரும் சொன்னபடியே கட்டினார். பூச்சு முடிந்து கதவு மாட்டிய அன்றுதான், கதவு திறக்கும் இடத்தில் வாஷிங் மெஷின் நிற்க முடியாது என்பது தெரிந்தது. இடிக்க ஒரு கூலி, குப்பை அள்ள ஒரு கூலி, மறுபடி கட்ட ஒரு கூலி என ஒரே சுவருக்குப் பணம் போய்க் கொண்டே இருந்தது. திரையில் அதே சுவரை நகர்த்த மவுஸை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது முறை தேவை பெரிதாக இருந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி. இரவில் பின்கட்டில் இருந்த கழிப்பறைக்கு இரண்டு படி இறங்கிப் போக முடியவில்லை. படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, சமையலறையை முன்பக்கம் மாற்றுவது, ஹாலைப் பெரிதாக்குவது, மாடியில் ஓர் அறை என்று வளர்ந்துவிட்டது. கையில் இருந்ததோ 5 லட்சம் ரூபாய். இந்த முறை கம்ப்யூட்டரில் தொடங்கினோம். அதன் படிகளை இங்கே தருகிறேன்.

1. வீட்டை அளந்திடுங்கள்: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையின் நீளம், அகலம், உயரம், சுவரின் கனம், கதவு, ஜன்னல் இருக்கும் இடம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மெயின் சுவிட்ச் என எல்லாவற்றையும் குறித்திடவும். மொபைல் போனில் அளக்கும் அப்ளிகேஷன்கள் உள்ளன; தோராயமாகப் பார்க்க அவை உதவும். பணம் போடும் வேலைக்கு டேப்பை மட்டும் நம்புங்கள். அறையின் மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் பல அறைகள் சரியான சதுரமாக இருப்பதில்லை.

2. இலவச புரோகிராம்: வீட்டுப் படம் வரைய ஸ்வீட் ஹோம் 3டி என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்திடவும். இன்ஸ்டால் செய்து திறந்தால் திரை நான்கு பகுதிகளாகக் கிடைக்கும். மேலே இடது புறம் கட்டில், பீரோ, கதவு, ஜன்னல் போன்ற பொருள்களின் பட்டியல். மேலே வலது புறம் நீங்கள் வரையும் பிளான். கீழே இடது புறம் நீங்கள் வைத்த பொருள்களின் பட்டியல். கீழே வலது புறம் அதே வீடு முப்பரிமாணத்தில் தெரியும்.

முதலில் பிரிபரன்சஸ் பகுதிக்குச் சென்று அளவை அடி, அங்குலம் என மாற்றிக் கொள்ளுங்கள். பிறகு பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு கிளிக். முடியும் இடத்தில் டபுள் கிளிக். வரையும்போது என்டர் தட்டினால் நீளத்தை டைப் செய்யவும் இடம் கிடைக்கும். வரைந்த சுவரில் டபுள் கிளிக் செய்து அதன் கனத்தை 9 அங்குலம், 4.5 அங்குலம் என மாற்றலாம். சுவர்கள் முடிந்தபின் கிரியேட் ரூம்ஸ் தேர்ந்தெடுத்து அறைக்குள் டபுள் கிளிக் செய்தால் அந்த அறையின் பரப்பளவு கிடைக்கும். இந்த எண்கள்தான் பின்னர் உங்கள் பணத்தைக் காக்கப் போகின்றன.

3. இருப்பதை முதலில் வரையுங்கள்: ஆசையில் நேராகப் புதிய வீட்டை வரையத் தொடங்காதீர்கள். இப்போது உள்ள வீட்டை அப்படியே வரைந்து "பழைய வீடு" என்ற பெயரில் சேவ் செய்திடவும். பின் சேவ் ஆஸ் கொடுத்து "பிளான் 1", "பிளான் 2" எனத் தனித்தனி பைல்களில் மாற்றங்களைச் செய்திடவும். பிளான் 4 பிடிக்கவில்லை என்றால் பிளான் 2க்குத் திரும்பலாம். எல்லா பைல்களையும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

4. எந்தச் சுவரைத் தொடலாம்?: திரையில் எந்தச் சுவரையும் அழிக்கலாம், கம்ப்யூட்டர் தடுக்காது. ஆனால் பழைய செங்கல் வீடுகளில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் கட்டைகள் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். 9 அங்குலச் சுவரை இடிக்க வேண்டுமானால் அதற்குப் பதில் பீம் வேண்டும். செலவு உடனே ஏறும். அறைகளைப் பிரிக்க வைத்த 4.5 அங்குலச் சுவர் பெரும்பாலும் சுமை தாங்காது என்றாலும் அதையும் சோதித்துத்தான் தொட வேண்டும். சுவரை எடுப்பது, மாடி கட்டுவது ஆகிய இரண்டிற்கும் கட்டுமானப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். மாடி கட்ட உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதியும் தேவை. இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

5. தண்ணீர் இருக்கும் சுவர்: சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றையும் இடம் மாற்றுவதுதான் அதிகச் செலவு வைக்கும் ஆசை. குழாய் மட்டும் போனால் போதாது. கழிவு நீர் ஓடச் சரிவும் வேண்டும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் சுமார் 1 அடி சரிவு என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் கழிப்பறையை 20 அடி தள்ளி வைத்தால் குழாய் அரை அடி இறங்க வேண்டும். அதற்காகத் தரையைத் தோண்ட வேண்டும். அல்லது குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். தரையை உயர்த்தினால் படி வரும். எங்கள் வீட்டில் படியைத் தவிர்க்கத்தானே வேலையே தொடங்கியது!

எங்கள் முதல் பிளானில் அம்மாவின் குளியலறை முன்பக்கம் இருந்தது. பிளான் 3ல் அதைப் பழைய கழிப்பறைச் சுவரின் மறுபுறத்திற்கு நகர்த்தினேன். கழிவுக் குழாய் சில அடிகளில் முடிந்துவிட்டது. 4 அடிக்கு 7 அடி அறை, 3 அடி அகலக் கதவு, வாசலில் படி இல்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. திரையில் கதவு திறக்கும் வளைவுக் கோடு தெரிந்ததால்தான், அது கட்டிலில் இடிக்கும் என்பதையும் முன்பே பார்த்துக் கட்டிலை நகர்த்தினோம்.

6. அளவை எண்ணிக்கையாக மாற்றுங்கள்: கலவையையும் சேர்த்து ஒரு செங்கல் 9 x 4.5 x 3 அங்குல இடம் எடுக்கும் என வைத்தால், 10 அடி நீளம், 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் சுவருக்குச் சுமார் 1,070 கல் தேவை. அதையே 4.5 அங்குலமாகக் கட்டினால் பாதி போதும். சுமை தாங்காத தடுப்புச் சுவருக்கு 9 அங்குலம் எதற்கு?

டைல்ஸ் கணக்கும் இப்படித்தான். 2 அடிக்கு 2 அடி எனச் சொல்லப்படும் டைல்ஸ் 600 மில்லி மீட்டர் சதுரம். 4 கல் கொண்ட ஒரு பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். 12 அடிக்கு 10 அடி அறை 120 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 132. அதாவது 9 பெட்டி. சுவரோரப் பட்டிக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கை சரியா என்று இனி நீங்களே பார்த்துக் கொள்ளலாம்.

7. கால்க் அல்லது எக்ஸெல்: லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம். எக்ஸெல் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். வேலை, அளவு, யூனிட், ஒன்றின் விலை, தொகை, முக்கியம் என ஆறு காலங்கள் அமைத்திடவும். தொகை செல்லில் அளவையும் விலையையும் பெருக்கும் பார்முலா கொடுங்கள். புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். அளவு செல்லில் "120 சதுர அடி" என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக எடுத்துக் கொள்ளும், பெருக்காது, பிழைச் செய்தி வரும். செல்லில் 120 மட்டும் இருக்கட்டும். சதுர அடி என்பதை யூனிட் காலத்தில் தரவும்.

கடைசிக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் 1, 2, 3 எனக் கொடுங்கள். 1 என்றால் இல்லாமல் முடியாது. 2 என்றால் இருந்தால் நல்லது. 3 என்றால் பிறகு பார்க்கலாம். முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து இந்தக் காலத்தின்படி வரிசைப்படுத்தவும். பின் 1 என்ற எண் கொண்ட தொகைகளை மட்டும் மவுஸால் செலக்ட் செய்தால், திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத் தொகை தெரியும்.

எங்கள் முதல் கணக்கு இப்படி வந்தது: மாடி அறையும் படிக்கட்டும் 4 லட்சம், சமையலறை மாற்றம் 2.2 லட்சம், குளியலறை 1.4 லட்சம், தரை 1 லட்சம், ஒயரிங் 80 ஆயிரம். மொத்தம் 9.4 லட்சம். வீட்டில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். சமையலறை பழைய இடத்திலேயே இருக்க, ஹாலுக்கு ஒரு திறப்பு மட்டும் வைத்ததில் 1.3 லட்சம் ஆனது. பழைய தேக்கு நிலையையும் கதவையும் மறுபடி பயன்படுத்தி, குளியலறையையும் நகர்த்தியதில் அது 1.1 லட்சம். தரை வேலையை இரண்டு அறைகளோடு நிறுத்தியதில் 80 ஆயிரம். மாடி அறை 3ஆம் எண்ணுக்குப் போனது. ஆனால் அதைப் பிளானிலிருந்து அழிக்கவில்லை. படிக்கட்டு வர வேண்டிய மூலையைக் காலியாக விட்டோம். மாடிக்கான ஒயர் பைப்பையும் தண்ணீர்க் குழாயையும் இப்போதே சுவரில் பதித்ததால் ஒயரிங் 90 ஆயிரமானது. அதிகமான அந்த 10 ஆயிரம், பின்னாளில் புதுச் சுவரை உடைக்காமல் காக்கும். ஆசை முழுவதையும் வரையுங்கள். கட்டுவதை மட்டும் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

8. எதிர்பாராத செலவு: புதிய மொத்தம் 4 லட்சத்து 10 ஆயிரம். அதற்கு மேல் 15 சதவீதம், அதாவது 61,500 ரூபாய், தனியாக வைத்தோம். பழைய வீட்டைத் திறந்தால் துருப்பிடித்த கம்பியும் இற்றுப்போன குழாயும் தெரிய வரும். எங்களுக்கும் சமையலறைக் கழிவுக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. 40 ஆயிரம் போனது. ஒதுக்கிய பணம் இருந்ததால் கடன் வாங்கவில்லை. இவை எங்கள் வீட்டுக் கணக்குகள். உங்கள் ஊர் விலையைக் கேட்டு உங்கள் கணக்கைப் போடுங்கள்.

9. ஒரே படம், மூன்று விலை: பைல் மெனுவில் பிரிண்ட் டு பிடிஎப் கொடுத்துப் பிளானை பிடிஎப் பைலாக மாற்றலாம். இந்தப் படத்தையும் அளவுப் பட்டியலையும் மூன்று காண்டிராக்டர்களிடம் தந்து விலை கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் வாயால் ஒவ்வொரு விதமாகச் சொன்னால், வரும் மூன்று விலைகளையும் ஒப்பிடவே முடியாது. விலை மிகக் குறைவாக இருந்தால் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று பார்த்திடவும். வேலை தொடங்கிய பின் ஏதாவது மாற்றம் தோன்றினால், முதலில் திரையில் மாற்றி, கால்க்கில் தொகையைப் பார்த்து, அதன் பின் கொத்தனாரிடம் சொல்லுங்கள்.

அம்மா இப்போது இரவில் யாரையும் எழுப்பாமல் போய் வருகிறார். மாடி அறை இன்னும் பிளான் 5 பைலில்தான் இருக்கிறது. அதற்கான மூலை ஹாலில் காத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து ஓர் அறையை மட்டும் அளந்து திரையில் வரைந்து பாருங்களேன். அடுத்த அறைக்குக் கை தானாகப் போகும்.