வயலில் ஓடும் ரயில்

விமானத்திலிருந்து ரேடார் எடுத்த படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ரயில் தண்டவாளத்தில் இல்லாமல் வயலுக்குள் தெரிகிறதே, படம் பழுதா? பழுதில்லை. இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த விந்தையே அதுதான்.

இருட்டும் மேகமும் ரேடாருக்குத் தடையில்லை. கூர்மைதான் சிக்கல். 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாரியைத் தனியே பிரித்துக் காட்ட நூற்றுக்கணக்கான மீட்டர் நீள ஆன்டெனா தேவைப்படும். அதை எந்த விமானம் தூக்கும்? 1951இல் அமெரிக்காவின் குட்இயர் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலி இதற்கு வழி கண்டார். விமானத்துக்கு முன்னே இருக்கும் பொருளின் எதிரொலிக்கும் பின்னே இருப்பதன் எதிரொலிக்கும் அதிர்வெண்ணில் சிறு வேறுபாடு உண்டு. அதை வைத்தே இரண்டையும் பிரிக்கலாம் என்றார். சிறிய ஆன்டெனா போதும். பறக்கும் வழியெல்லாம் சேர்த்த எதிரொலிகளைக் கூட்டினால், பறந்த தூரமே ஆன்டெனாவின் நீளமாகிவிடும்.

சிறுவயதில் பனைமட்டை வேலியோரம் சைக்கிளில் போவேன். மெல்லப் போனால் இடுக்குகள்தான் தெரியும். வேகமாக மிதித்தால் துண்டுகள் கூடி, உள்ளே இருக்கும் தோட்டம் முழுசாகத் தெரியும். ரேடாரும் இப்படித்தான் கூட்டுகிறது. ஆனால் தோட்டம் அசையாதிருக்க வேண்டும்.

ரயில் அசைகிறதே! தரையில் உள்ள எல்லாம் நிலையாக நிற்பதாக எண்ணித்தான் ரேடார் அதிர்வெண்ணிலிருந்து இடத்தைக் கணிக்கிறது. ரயில் நெருங்கி வரும்போது அதன் வேகமும் அந்தக் கணக்கில் கலந்துவிடும். விமானம் நொடிக்கு 200 மீட்டர் பறக்கிறது, ரயில் 30 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 10 மீட்டர் நெருங்குகிறது என்று கொள்வோம். படத்தில் ரயில் 1,500 மீட்டர் தள்ளி விழும். தண்டவாளம் மட்டும் தன் இடத்திலேயே இருக்கும். கப்பலும் இப்படித்தான் தன் நீர்த்தடத்தைப் பிரிந்து நிற்கும்.

இந்தப் பிழையே வேகத்தைக் காட்டும் அளவுகோலானது. விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே இடத்தை இம்மியளவு நேர இடைவெளியில் இருமுறை பார்க்கலாம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நிலம் மறைந்து, நகர்ந்தவை மட்டும் மிஞ்சும்.

1991 வளைகுடாப் போரில், சோதனைக் கட்டத்திலேயே இருந்த, அமெரிக்காவின் இரண்டு ஜேஸ்டார்ஸ் ரேடார் விமானங்கள் பாலைவன இரவில் நகர்ந்த வாகன வரிசைகளைத் திரையில் புள்ளிகளாகக் காட்டின. அவை போயிங் 707 விமானங்கள்; வயிற்றடியில் 7 மீட்டருக்கு மேல் நீண்ட ஆன்டெனா. புள்ளிக்கு வேகம் உண்டு, திசை உண்டு. வண்டிக்குள் இருப்பது சிப்பாயா, ஊரைவிட்டு ஓடும் குடும்பமா என்பது அதில் இல்லை. புள்ளியை மட்டும் நம்பிக் குண்டு போடுவதை என்னால் ஏற்க முடியாது.

அந்தப் போருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1987இல், ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீனும் ஹோவர்ட் ஸெப்கரும் இதே இரட்டை ஆன்டெனா முறையில் நாசா விமானத்திலிருந்து கடல் நீரோட்டத்தை அளந்து வெளியிட்டிருந்தார்கள். லாரிப் புள்ளிகளை அறிந்த அளவுக்கு இந்தப் பயனை உலகம் அறியவில்லை. படகு கவிழ்ந்தால் நீரோட்டம் ஆட்களை எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்பதுதான் தேடப் போகிறவர்களின் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லவும் இந்த ரேடாரால் முடியும்.