22 காசில் ஒரு வருடப் பதிவேடு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு வழங்குவது என்பது அன்றைய இலக்கு. முதல் கட்டத்தில் வந்த இயந்திரங்களில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வட்டு. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் சில இன்னும் உழைக்கின்றன. சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் பேட்டரி செத்து, சார்ஜரின் தயவில் ஓடும் அந்தப் பழைய மடிக்கணினியில்தான் சிட்டா நகலும் தேர்வு முடிவும் அச்சாகின்றன.

அந்த இயந்திரம் திணறும்போது கடைக்காரருக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்வார்கள்: ஃபார்மட் அடி, ராம் போடு, புதுசு வாங்கு. புதுசுக்கு ₹30,000 என்று வைத்துக்கொள்வோம். ஃபார்மட் அடித்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். இந்த மூன்றில் எது சரி என்பதை இயந்திரத்திடமே கேட்கலாம். அதற்கு ஆகும் செலவைத்தான் இங்கே கணக்குப் போடுகிறேன்.

கருவியின் விலை ₹0. பெயர் சார். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் சிஸ்டம் 5 காலத்துக் கட்டளை இது. லினக்ஸில் செபாஸ்தியன் கோதார் எழுதிய சிஸ்ஸ்டாட் தொகுப்பில், ஐஓஸ்டாட், பிட்ஸ்டாட் போன்ற உடன்பிறப்புகளோடு வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக விழித்து, செயலி, நினைவகம், வட்டு, வலைத் தொடர்பு எல்லாவற்றின் எண்களையும் எழுதிவிட்டுத் தூங்கப் போகும். நாளுக்கு 144 பதிவுகள். டெபியன் வழி வந்த பல லினக்ஸ்களில் நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. அமைப்புக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்று இருப்பதை ‘ட்ரூ’ என்று மாற்றினால்தான் பதிவு தொடங்கும். பலர் நிறுவிவிட்டு, மாதம் கழித்துப் போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்று கைவிடுவது இந்த ஒரு சொல்லால்தான்.

விண்டோஸில் இதே வேலையை டைப்பெர்ஃப் செய்யும். எக்ஸ்பி காலத்திலிருந்தே உண்டு. இடைவெளி எதுவும் சொல்லாவிட்டால் விநாடிக்கு ஒரு வரி எழுதும், அதாவது நாளுக்கு 86,400 வரி. ஆகவே இடைவெளியை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதலில் இடச் செலவு. விஎம்ஸ்டாட் என்ற எளிய கட்டளை நேரத்தோடு எழுதும் ஒரு வரியைச் சுமார் 100 எழுத்து, அதாவது 100 பைட் என்று கொள்வோம்.

10 நிமிடத்துக்கு ஒரு வரி: நாளுக்கு 14.4 கேபி, வருடத்துக்கு 5.26 எம்பி.
1 நிமிடத்துக்கு ஒரு வரி: நாளுக்கு 144 கேபி, வருடத்துக்கு 52.56 எம்பி.
1 விநாடிக்கு ஒரு வரி: நாளுக்கு 8.64 எம்பி, வருடத்துக்கு 3.15 ஜிபி.

மிக அடர்த்தியான மூன்றாவது வரிசைகூட 320 ஜிபி வட்டில் ஒரு சதவீதத்தைத்தான் எடுக்கிறது. சார் எழுதும் கோப்பு இதைவிடப் பெரிது, ஏனென்றால் அது எழுதும் எண்களும் அதிகம். அதைப் பத்து மடங்கு என்று வைத்தாலும் பத்து நிமிடக் கணக்கில் வருடத்துக்கு 53 எம்பி.

அடுத்து மின்சாரம். ஒரு முறை விழித்து எழுத 50 மில்லி விநாடி ஆகிறது என்று தாராளமாகவே வைப்போம். 144 முறைக்கு நாளொன்றுக்கு 7.2 விநாடி. இயந்திரம் இழுக்கும் 30 வாட் முழுவதையும் அந்த நேரத்தின் தலையில் கட்டினாலும் 0.06 வாட் மணி. வருடத்துக்கு 21.9 வாட் மணி, அதாவது 0.022 யூனிட். யூனிட் ₹10 என்றால் 22 காசு. நிமிடத்துக்கு ஒரு முறை எழுதச் சொன்னாலும் ₹2.19. செலவுப் பக்கம் இவ்வளவுதான்.

எதை எவ்வளவு இடைவெளியில் அளக்கிறோம் என்பதில்தான் உண்மையான கஷ்டம் இருக்கிறது. ஒரு பிடிஎஃப் திறக்கும்போது செயலி 30 விநாடி 100 சதவீதம் ஓடுகிறது. மீதி 570 விநாடி 4 சதவீதத்தில் கிடக்கிறது. பத்து நிமிடச் சராசரி 8.8 சதவீதம். இந்த எண்ணைப் பார்க்கிறவர் இயந்திரம் சும்மா இருக்கிறது என்பார். கவுன்ட்டர் முன்னால் நின்ற ஆளுக்கோ அந்த 30 விநாடிதான் முழு அனுபவம். அதையே நிமிடத்துக்கு ஒரு வரியாக எழுதியிருந்தால், அந்த ஓட்டம் ஒரே நிமிடத்துக்குள் அடங்கும்போது, 52 என்று ஒரு வரி துருத்திக்கொண்டு நிற்கும். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் மூன்று வரிகளில் 100.

அளக்கும் எண்களின் வகையிலும் ஒரு வேறுபாடு உண்டு. சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு இதைப் பக்கத்திலுள்ள வீராணம் ஏரியை வைத்தே சொல்லிவிடலாம். முழு மட்டம் 47.5 அடி என்பது ஒரு நொடியில் பார்த்து எழுதும் எண். சென்னைக்குக் குழாயில் ஒரு நாளில் 180 மில்லியன் லிட்டர், அதாவது விநாடிக்கு 73.6 கன அடி நீர் போனால், அது நாள் முழுவதும் கூட்டி வந்த எண். இரவில் மட்டம் ஏறி, உபரி நீர் வி.என்.எஸ்.எஸ். மதகு வழியாக வெள்ளாற்றில் இறங்கிவிட்டால், காலையில் அளவுகோலைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஆனால் வெளியேறிய நீரின் கணக்கில் அது நிச்சயம் இருக்கும். சார் எழுதும் எண்களும் இப்படி இரண்டு வகை. காலி நினைவகம் என்பது மட்டம். எழுதும் அந்தக் கணத்தில் மட்டுமே உண்மை. இடையில் நிரம்பிக் காலியானது பதிவில் ஏறாது. செயலி ஓடிய நேரமும், நினைவகத்திலிருந்து வட்டுக்குத் தள்ளிய பக்கங்களின் எண்ணிக்கையும் ஓட்டம். இயந்திரம் தொடங்கியதிலிருந்து கெர்னல் அவற்றைக் கூட்டிக்கொண்டே வருகிறது. சார் இரண்டு கூட்டலுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. ஆகவே நினைவகப் பற்றாக்குறையைத் தேடுகிறவர் காலி இடத்தைப் பார்த்துப் பயனில்லை. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்துவிடும் என்பதால் அந்த எண் நல்ல நாளிலும் சிறிதாகவே இருக்கும். பார்க்க வேண்டியது ஸ்வாப் ஓட்டம், அதாவது நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே பக்கங்கள் போய் வருவது. விஎம்ஸ்டாட்டில் அது ‘எஸ்ஐ’ (வட்டிலிருந்து உள்ளே), ‘எஸ்ஓ’ (வட்டுக்கு வெளியே) என்ற இரண்டு பத்திகள்.

அந்தப் பத்திகள் ஏன் இவ்வளவு முக்கியம்? அந்தக் காலத்து லேப்டாப் வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. முள் இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடப்பதை விநாடிக்கு 60 முறைக்கு மேல் எடுப்பது அரிது. 2 ஜிபியில் பிரவுசர் நான்கைந்து பக்கம் திறந்திருக்க, அதில் 200 எம்பி வட்டுக்குப் போய்விட்டது என்று வைப்போம். அது 4 கேபி அளவில் 51,200 பக்கங்கள். லினக்ஸ் வழக்கமாக ஒரு தடவைக்கு 8 பக்கம் சேர்த்து எடுக்கும், 6,400 தடவை. 60-ஆல் வகுத்தால் 107 விநாடி. கடைக்காரர் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது அந்த 107 விநாடிக்குள்தான்.

ஒரு வாரப் பதிவு கையில் இருந்தால் முடிவெடுப்பது எளிது. ‘எஸ்ஓ’ தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ராம் போடுங்கள். ‘எஸ்ஓ’ பூஜ்யமாக இருந்து, வட்டுக்காகக் காத்திருக்கும் ‘டபிள்யூஏ’ மட்டும் ஏறினால் வட்டு தளர்ந்திருக்கிறது, எஸ்எஸ்டி மாற்றலாம். நிரல்கள் செயலியை எடுத்த சதவீதமான ‘யூஎஸ்’ நாள் முழுக்க 90-க்கு மேலே நின்றால் மட்டுமே புது இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். மூன்றுமே அமைதியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா, கோளாறு இணைய இணைப்பில், அல்லது மறுமுனை சர்வரில். பிளஸ் 2 முடிவு வரும் காலையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதற்காக ஃபார்மட் அடிப்பது வீண் வேலை. ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: விஎம்ஸ்டாட்டின் முதல் வரி. அது இயந்திரம் தொடங்கியதிலிருந்து வந்த சராசரி, அந்த நேரத்து நிலை அல்ல.

பதிவை எத்தனை நாள் வைப்பது? டெபியனில் இயல்பாக 7 நாள், ரெட் ஹேட்டில் 28 நாள். பிறகு பழையது அழிந்துவிடும். போன மே மாதத்தை இந்த மே மாதத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால், அமைப்புக் கோப்பில் நாள் கணக்கைக் கூட்டுங்கள், அல்லது மாதக் கடைசியில் பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி என்றாலும் 8 ஜிபி பென் டிரைவ் 152 வருடக் கணக்கைத் தாங்கும்.

இவ்வளவு சிறிய செலவில் கேட்காமலே கிடைக்கும் வரவு ஒன்று உண்டு. இயந்திரம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சார் தன் அறிக்கையில் ‘லினக்ஸ் ரீஸ்டார்ட்’ என்று ஒரு வரி போடும். பேட்டரி செத்த மடிக்கணினியில் கரண்ட் போனால் இயந்திரமும் போகும். மாதத்தில் 26 நாள் கடை திறந்தீர்கள், பதிவில் 41 ரீஸ்டார்ட் என்று வையுங்கள். காலைத் தொடக்கம் 26-ஐக் கழித்தால் மீதி 15. அதில் கையால் நிறுத்தி ஓட்டியதையும் கழியுங்கள். எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் முந்தைய பதிவின் நேரத்தைப் பாருங்கள். கரண்ட் எப்போது போனது என்பது பத்து நிமிடத் துல்லியத்தில் தெரியும். பேட்டரி வாங்குவதா, யூபிஎஸ் வாங்குவதா, எத்தனை நிமிடம் தாங்கினால் போதும் என்பதை அந்த நேரங்களை எழுதிவைத்துக்கொண்டு பேசலாம்.