சிவப்பு பட்டனை நம்பாதே! பியூஸ் கட்டையை சட்டைப் பையில் போடு!

"அண்ணே, மோட்டார் நின்னுடுச்சு. ஸ்டார்ட்டரைத் திறக்கட்டுமா?"

1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையானாலும் சரி, 1964-ல் வந்த அம்பத்தூர் எஸ்டேட்டானாலும் சரி, பட்டறைகளில் அன்றாடம் காதில் விழும் கேள்வி இது. "திற" என்று சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்கள்! எமன் அந்தப் பெட்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான்!

சிவப்பு பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கும். அவ்வளவுதான்! ஸ்டார்ட்டருக்குள் வந்து சேரும் மூன்று பேஸ் வயர்களில் 415 வோல்ட் அப்படியே இருக்கும். சத்தம் கிடையாது. பார்த்தாலும் தெரியாது.

எவ்வளவு கரெண்ட் ஆளைக் கொல்லும்?

பழைய 40 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 170 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் கால் பங்கு மார்பு வழியாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே, பிடித்த வயரைக் கை விடாமல் போகலாம்.

இன்னொருவர் போடும் சுவிட்ச்

மெயினை ஆப் செய்தால் மட்டும் போதுமா? வயர்மேன் மெஷினுக்குப் பின்னால் குனிந்து வேலை பார்ப்பார். "யாருப்பா மெயினை ஆப் பண்ணது?" என்று வேறொருவர் ஆன் செய்துவிடுவார். முடிந்தது கதை!

அதனால்தான் அனுபவமுள்ள வயர்மேன்கள் மெயினை ஆப் செய்ததும் மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய ஆலைகளில் சுவிட்சுக்கே பூட்டு. ஆளுக்கு ஒரு பூட்டு, சாவி அவரவர் பையில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் திறக்கும் வரை சுவிட்சை யாரும் போட முடியாது.

"கரெண்ட் கட்தானே, சீக்கிரம் முடிச்சுடலாம்" என்பதும் ஆபத்து. கரெண்ட் எந்த நிமிடமும் திரும்பி வரும். ஜெனரேட்டர் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

டெஸ்டருக்கும் டெஸ்ட்!

கை வைக்கும் முன் டெஸ்ட் லாம்ப் அல்லது மீட்டரால் பார்க்க வேண்டும். முதலில் கரெண்ட் உள்ள இடத்தில் அது வேலை செய்கிறதா என்று பார். பிறகு வேலை செய்யும் இடத்தில் பார். மறுபடி பழைய இடத்தில் பார். பழுதான டெஸ்டர் பொய் சொல்லும். கெப்பாசிட்டர் இருந்தால் இன்னும் உஷார்! மெயினை ஆப் செய்த பிறகும் அதில் கரெண்ட் தேங்கி நிற்கும். சில நிமிடம் காத்திருந்து, அதையும் டெஸ்ட் செய்த பிறகே தொட வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுப்பவரும் மாட்டிக்கொள்வார். முதலில் மெயினை ஆப் செய்யுங்கள்.

ஷாக் அடித்தவருக்கு என்ன முதலுதவி செய்வது என்பதை, வட்டார மொழியிலும் எழுதி தொழிற்சாலையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதி. உங்கள் கம்பெனியில் அந்தத் தமிழ் போர்டு இருக்கிறதா? நாளைக்கு வேலைக்குப் போனதும் பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். அப்படியே ஒரு பூட்டும் சாவியும் கேளுங்கள்!