லான்சர் பிறந்த ஊரில் எவோ பிறக்கவில்லை

சக்கரம் சொல்லும் கதை – 14

சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், தமிழ்நாட்டு வண்டித் தொழிலின் ஒரு பெரிய பங்கு வரிசையாகக் கடந்துபோகும். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. வேப்பம்பட்டு தாண்டினால் செவ்வாப்பேட்டை ரோடு, பிறகு புட்லூர், திருவள்ளூர். அங்கிருந்து கடம்பத்தூர்ப் பக்கம் அதிகத்தூரில் ஒரு கார் ஆலை. கடைசியாக அரக்கோணத்தில் இறங்கினால், பக்கத்திலேயே இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. காரும் டயரும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில். ஒரு ரேலி வண்டி பிறக்க இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. ஆனால் அது இங்கே பிறக்கவில்லை.

1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து, அந்தத் திருவள்ளூர் ஆலையிலிருந்து லான்சரை வெளியே விட்டது. அம்பாசடர் செய்த கம்பெனியிலிருந்து இப்படியொரு தாழ்வான, கூர்மையான கார் வரும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே 1998-இல் பின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினென், லான்சர் எவோல்யூஷனை (சுருக்கமாக எவோவை) ஓட்டி மூன்றாம் முறையாக உலக ரேலி சாம்பியன் ஆனார். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டம். அவற்றில் கடைசி மூன்றையும் அவர் வென்ற எவோக்களின் அடிப்படை உடம்பு, அதிகத்தூரில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்த நம் லான்சரின் உடம்புதான். கதவும் கூரையும் கண்ணாடியின் சாய்வும் ஒரே குடும்பம்.

வித்தியாசம் எல்லாம் வயிற்றுக்குள். மாக்கினென் ஓட்டிய காரின் சாலை வடிவத்தில் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 280 குதிரை சக்தி. அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த வரம்பு அது. விசை நான்கு சக்கரத்துக்கும் போகும். திருவள்ளூர் லான்சருக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அல்லது இரண்டு லிட்டர் டீசல், விசை முன் சக்கரங்களுக்கு மட்டும். நல்ல கார்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணன் பயில்வான், தம்பி பள்ளிக்கூட வாத்தியார்.

செவ்வாப்பேட்டை வயல்காரரிடம் ‘ஃபோர் வீல்’ என்று சொன்னால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது சேற்றில் இறங்கும் டிராக்டர். பிறகு போலீஸ் ஜீப், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி. வழுக்கும் இடத்தில் லீவரைப் போட்டு, மேட்டில் ஏறியதும் எடுத்துவிடும் ஏற்பாடு அது. ‘ஆல் வீல் டிரைவ்’ என்பது வேறு வகை. எந்த நேரத்திலும், எந்த வேகத்திலும், ஓட்டுபவர் எதையும் தொடாமலே நான்கு சக்கரமும் தேவைக்கேற்ப விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். முன்னது சேற்றுக்கு, பின்னது வேகத்துக்கு.

வேகத்துக்கு அது எதற்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு வளைவை மனத்தில் வையுங்கள். மழை விட்டும் விடாத நேரம், லாரிகள் சிந்திய டீசல் தார்மேல் வானவில்லாக மிதக்கிறது. 250 குதிரை சக்தியை முன் டயர் இரண்டில் மட்டும் கொட்டினால், வண்டியைத் திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் அந்த இரண்டின் தலையிலேயே விழும். டயர் நின்ற இடத்தில் சுற்றும், ஸ்டியரிங் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கும். அதே சக்தியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு டயருக்கும் சுமை குறைவு, பிடிப்பு மிச்சம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: பிரேக் போடும்போது இந்த ஏற்பாடு ஒரு அடிகூட உதவாது. கார் நிற்பது டயரின் தயவில்தான். இதை மறந்தவர்களின் வண்டிகள்தான் பட்டறைக்கு டிங்கரிங் வேலை கொடுக்கின்றன.

1980-இல் ஆடி குவாட்ரோ தொடங்கி வைத்த இந்த வித்தையைச் சம்பளக்காரனின் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தவை இரண்டு ஜப்பான் கார்கள். 1992-இல் வந்த லான்சர் எவோல்யூஷன் ஒன்று, அதே ஆண்டு வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். மற்றொன்று. ரேலியில் ஓட வேண்டுமானால் அதே வண்டியை 2,500 எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பந்தயத்துக்கு வைத்த விதி வாடிக்கையாளருக்கு வரமாகிவிட்டது. ஒரு குடும்ப செடானின் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் ரேலி வண்டியின் எலும்பும் நரம்பும் வீட்டு வாசலில் நின்றன.

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வாங்குகிறவர் ஒருவர் அல்ல. 1996-இல் வந்த நான்காம் எவோவில் பின் சக்கரங்களுக்கு இடையே விசையை மாற்றிக் கொடுக்கும் ஒரு டிஃபரன்ஷியல் சேர்ந்தது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசையைக் கணினியே அனுப்பி, காரை மூக்கைப் பிடித்துத் திருப்புவதுபோல் திருப்பும். சுபாருவின் உயர்ரக எஸ்.டி.ஐ.யிலோ, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஓட்டுபவரே ஒரு சிறு சக்கரத்தை விரலால் உருட்டித் தீர்மானிக்கலாம். முன்னவர் கணினியை நம்புகிறவர், பின்னவர் தன் விரலை நம்புகிறவர். எவோ வாங்கியவர் அதோடு இன்னொரு விரதமும் பூண வேண்டியிருந்தது. பிரிட்டனில் விற்ற எவோக்களுக்கு 4,500 மைலுக்கு ஒரு சர்வீஸ், அதாவது ஏழாயிரம் கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒருமுறை. டபிள்யூ.ஆர்.எக்ஸ். கொஞ்சம் வீட்டுப் பிள்ளை. வார நாளில் அலுவலகம், விடுமுறையில் மலை. வீட்டுப் பிள்ளை என்றாலும் சாது இல்லை: அமெரிக்காவில் காப்பீடுகளை ஒப்பிட்டுத் தரும் இன்ஷுரிஃபை நிறுவனத்தின் கணக்கில், அதிவேகத்துக்கு அபராதச் சீட்டு வாங்கிய ஓட்டுநர்களின் பட்டியலில் டபிள்யூ.ஆர்.எக்ஸ். சில ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

இனி நம் பக்கம். எவோ கிடைக்காத ஊரில் எவோ ஆசை மட்டும் எப்படி வளர்ந்தது? ஜாக்கி சானுக்கு அதில் பங்குண்டு. மிட்சுபிஷியோடு அவருக்கு நெடுங்காலப் பழக்கம். அவர் பெயரிலேயே ஒரு சிறப்பு எவோவை அந்த நிறுவனம் 2005-இல் வெறும் 50 எண்ணிக்கையில் வெளியிட்டது. வீடியோ கேம்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. விளைவு, லான்சரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, எவோ பம்பரும் பானெட் துளையும் பின்னால் பெரிய ரெக்கையும் வைத்துக்கொள்ளும் பழக்கம். 2006-இல் இரண்டு லிட்டர் எஞ்சினோடு சீடியா வந்தபோது அலங்காரம் இன்னும் சுலபமானது, ஏனென்றால் அதன் உடம்பு ஏழு முதல் ஒன்பது வரையிலான எவோக்களின் உடம்பு. மலேசியாவில் இதே நாடகம் முன்பே அரங்கேறியிருந்தது. லான்சரை அடிப்படையாகக் கொண்ட புரோட்டான் வீராவை எவோ மூன்றாக வேஷம் கட்டுவது அங்கே ஒரு தனித் தொழில். அவர்களுக்கு ஒரு வசதி: ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளின் எஞ்சினும் கியர்பாக்ஸும் அந்த ஊரில் கிடைத்தன, வேஷம் சிலசமயம் நிஜமாகவும் ஆனது. இங்கே பெரும்பாலும் பம்பரோடு நின்றது. கிண்டலுக்குரிய விஷயம் இல்லை இது. கைக்கு எட்டாததை வரைந்தாவது வைத்துக்கொள்ளும் ஆசை மனிதனுக்குப் பழையது.

அசல் எவோ இந்தியாவுக்கு வரவே செய்தது. 2010-இல், பத்தாம் எவோ, முழு வண்டியாக இறக்குமதி. அமெரிக்காவில் அப்போது அது 35,000 டாலருக்குள் கிடைத்தது, அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 16 லட்சம். சுங்கமும் மற்ற வரிகளும் கப்பல் கூலியும் ஏறி, இந்தியாவில் அரைக் கோடி ரூபாயை ஒட்டி நின்றது. அந்தப் பணத்துக்கு ஜெர்மன் கார் வாங்கிக் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவார்களே தவிர, லான்சர் முகம் கொண்ட ஒரு காரை வாங்குவார்களா? ‘எம்மாடியோவ், லான்சருக்கா இவ்வளவு?’ என்ற ஒரு கேள்வி போதும், வாங்கியவர் நொந்துபோக. எவோவை எளியவர் காராக்கியது அதன் விலை. விலை போனதும் அதன் நியாயமும் போய்விட்டது.

சுபாருவுக்கு இந்தியாவில் சொந்தக் கடையே இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. 2000-களில் ஜெனரல் மோட்டார்ஸ், சுபாருவின் ஃபாரெஸ்டரை ஷெவர்லே பெயர்ப்பலகை மாட்டி இங்கே விற்றது. எஞ்சின், ஆல் வீல் டிரைவ் எல்லாம் சுபாரு, முகப்பில் மட்டும் ஷெவர்லே. பெட்டி மாதிரி இருக்கிறது, டீசல் இல்லை, மைலேஜ் இல்லை என்று ஊர் அதைக் கடந்துபோய்விட்டது. விவரம் தெரிந்த சிலர் மட்டும் வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள்.

எவோவைச் சரியாகப் பயன்படுத்திய தமிழ்நாட்டு முகவரி ஒன்று உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். அணி, ஆசிய பசிபிக் ரேலியில் லான்சர் எவோவை இறக்கியது. 2010-இல் ஜப்பானியர் கட்சுஹிகோ தகுச்சி அந்த அணிக்காகப் பட்டம் வென்றார். 2013-இல் அதே அணியில், நான்கு சக்கர விசை கொண்ட ஸ்கோடா ஃபாபியாவில், கௌரவ் கில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். உள்ளூர்ப் பந்தயங்களில் சீடியா பல ஆண்டுகள் மண்ணைக் கிளப்பியது. பந்தயம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. செங்குன்றம் தாண்டிக் கும்மிடிப்பூண்டி போகும் ஜி.என்.டி. சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது பிறகு.

எவோ போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்கள் யார்?

வேகம் வேண்டும், வீட்டுக்கும் ஆக வேண்டும் என்றவர்கள் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பக்கம் போனார்கள். 2020-இல் 200 வண்டிகள், 35.99 லட்சம். 2025-இல் 100 வண்டிகள், 49.99 லட்சம், 265 குதிரை சக்தி. அத்தனையும் முன் சக்கர விசைதான். வாங்கியவர்களில் யாரும் ‘பின் சக்கரத்துக்கு ஏன் வேலை இல்லை?’ என்று மல்லுக்கு நின்றதாகத் தெரியவில்லை. நம் ஊர் வெயிலில் வறண்டு கிடக்கும் சாலையில், நல்ல டயர் இருந்தால், அதில் பெரிய குறையும் இல்லை.

இன்னொரு கூட்டம் மகேந்திரா சிட்டி பக்கம் திரும்பியது. அங்கே பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2021 மார்ச் முதல் எம்340ஐ எக்ஸ்டிரைவ் பூட்டப்படுகிறது. வந்தபோது 387 குதிரை சக்தி, நான்கு சக்கர விசை, நூறு கிலோமீட்டரைத் தொட 4.4 விநாடி, அன்றைய விலை 62.90 லட்சம். எவோவுக்குக் கிடைக்காத வாய்ப்பு, உள்ளூரிலேயே பூட்டப்படுவது, இதற்குக் கிடைத்தது. அதனால்தான் இந்த வேகத்துக்கு இந்த விலை. இதை வாங்குகிறவர் சிப்காட்டில் உதிரிபாக ஆலை நடத்துகிற இரண்டாம் தலைமுறைக்காரர், அல்லது ஓ.எம்.ஆரில் பங்குகளை விற்றுக் கையில் காசு பார்த்தவர். பார்ப்பவருக்குச் சாதாரண த்ரீ சீரிஸ்போலத் தெரிய வேண்டும், ஓட்டுபவருக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும். பெரிய ரெக்கை வைத்த பழைய லான்சர்க்காரருக்கு நேர் எதிர். 2024-இல் இதன் விலை 74.90 லட்சம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 விழுக்காடு. அந்த வரிப்பணம் மட்டுமே ஏறத்தாழ 15 லட்சம். அதில் திருவள்ளூரில் செய்த சிட்ரோன் பஸால்ட் ஒன்றின் ஷோரூம் விலை அடங்கிவிடும்.

ஆம், அதிகத்தூர் ஆலை இன்னும் ஓடுகிறது. லான்சர் போனது, இடையில் சில ஆண்டுகள் இசுஸு வண்டிகள் அங்கே பூட்டப்பட்டன, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 2021-இல் சி5 ஏர்கிராஸ், 2022-இல் சி3, 2024-இல் பஸால்ட். ஒன்றுக்கும் பின் சக்கரத்தில் விசை கிடையாது.

கடைசியாக வந்தது மின்சாரம். நீளமான ஷாஃப்ட், நடு டிஃபரன்ஷியல் எதுவும் வேண்டாம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், வேலை முடிந்தது. 2024-இல் வந்த பி.ஒய்.டி. சீலின் உயர்ரக வடிவம் நூறை 3.8 விநாடியில் தொடுகிறது, அன்றைய விலை 53 லட்சம். 2025-இல் டாடா ஹாரியரின் மின்சார வடிவம், இரட்டை மோட்டாரோடு 28.99 லட்சம், 6.3 விநாடி. பெட்ரோல் சொகுசுக் காருக்கு வரி மலைபோல் இருக்க, மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. எவோ காலத்தில் அரசு வாங்கிய பணத்தை இப்போது அரசே விட்டுக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஹாரியரை வாங்க வருகிறவர் மாக்கினென் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். பெரிய வண்டி, பாதுகாப்பு, குறைந்த ஓட்டச் செலவு என்று வந்தவருக்கு நான்கு சக்கர விசை கொசுறு. பழைய எவோ ரசிகருக்கோ அதில் மனம் ஒட்டுவதில்லை. பானெட்டைத் திறந்தால் கை வைக்க ஒன்றுமில்லை, டர்போ சீறுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு டீ குடிக்கக் காரணமும் இல்லை.

முப்பது லட்சம் இருந்து குடும்பமும் இருந்தால் ஹாரியர் போதும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐம்பதுக்குள் வளைவில் சிரிக்க ஆசைப்படுபவருக்கு முன் சக்கர ஆர்.எஸ்.ஸே போதுமானது. இரண்டும் போதாது என்பவர் எம்340ஐ பழசு ஒன்றைத் தேடலாம். தேடிப் போகும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காமல், முதலில் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்றிருந்தால் அந்த வண்டியில் விசையைப் பங்கிடும் பொறி ஏற்கெனவே நிறைய அழுதிருக்கும். பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

(தொடரும்)