காசில்லாமல் காணக் கிடைக்கும் நம் முத்துக்குளித்துறை



விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் நம் வீடுகளுக்கு வருகின்ற உறவினர்கள், "தூத்துக்குடியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பது வழக்கம். "பெரிதாக ஒன்றுமில்லை, உப்பளமும் துறைமுகமும்தான். மக்ரூன் வாங்கிக்கொண்டு போங்கள்" என்று நம்மில் பலர் பதில் சொல்லிவிடுகிறோம். மக்ரூன் நல்லதுதான். ஆனால் நம் ஊரைப்பற்றி நாமே அறியாதிருப்பது நல்லதல்ல. ஒரு நாள், இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குப் பெரிய செலவின்றி நாம் காட்டக்கூடியவை ஏராளம். அவற்றுள் சிலவற்றை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம்.

பனிமய மாதா பேராலயம்

முதலில் அன்னையின் இல்லம். நம் மூதாதையர் 'திவ்ய சந்தமரிய தஸ்நேவிஸ் மாதா' என்று அழைத்த அன்னையின் திருச்சுரூபம் 1555-ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது என்பது வழிவழியாக வந்த மரபு. 'தஸ்நேவிஸ்' என்பது பனியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். வருடம் முழுவதும் வெயில் காயும் கடற்கரையில் பனியின் பெயரால் ஒரு தாய்! வருகிறவர்களுக்கு இதைச் சொன்னாலே வியந்து நிற்பார்கள். இன்றைய ஆலயம் 1713-இல் இயேசு சபைக் குருக்களால் எழுப்பப்பட்டது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் இதனைப் பேராலயமாக உயர்த்தினார். 1806-இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே பவனி வரும். 2013-இலும், நம் மறைமாவட்டம் நூற்றாண்டு கண்ட 2023-இலும் அது வீதிவலம் வந்தது. ஜூலை 26-இல் கொடியேற்றி ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் பெருவிழாவில் சாதி, மத வேறுபாடின்றி மக்கள் திரள்கிறார்கள். இதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது.

அதே பகுதியில் டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய தூய திரித்துவ ஆலயம் இருக்கிறது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். அந்நாட்களில் நம் முன்னோர் விசுவாசத்தின் பொருட்டுத் துன்பப்பட்டார்கள். இன்று அந்த ஆலயத்தில் நம் தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்கள் வழிபடுகிறார்கள். பகையாய் இருந்தவர்கள் அண்டைவீட்டாராய் ஆனதையும் விருந்தினருக்கு நாம் காட்டலாம்.

பழைய துறைமுகமும் தெரேஸ்புரமும்

கடற்கரைச் சாலையில் மாலைநேரத்தில் நடப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் மரத்தோணிகள் பழைய துறைமுகத்தில் நிற்பதைத் தூரத்திலிருந்தாவது காணலாம். 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கடலில்தான். அதற்கு அவர் கொடுத்த விலை, 1908-இல் சிறையும் அங்கே செக்கிழுத்த கொடுமையும். அவர் பிறந்த ஒட்டப்பிடாரத்தில் அரசு பராமரிக்கும் நினைவு இல்லம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம்.

தெரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகளும் சங்குகுளிக்கும் மக்களும் உண்டு. முத்துக்குளித்தல் இங்கே 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. முத்துக்குளித்த நாட்களில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கடலின் அடிமட்டத்திற்கு இறங்கியவர் தம் உயிரை மேலே கயிறு பிடித்திருந்தவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். எடுத்த சிப்பியில் அரசர்களுக்கும், பின்னர் போர்த்துக்கீசியருக்கும், டச்சுக்காரருக்கும், ஆங்கிலேயருக்கும் பங்கு போனது. முத்து உலகெங்கும் அரண்மனைகளை அடைந்தது. குளித்தவரின் குடிசை குடிசையாகவே இருந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டார்கள் என்பதும் நம் ஊரின் பெருமையே.

கரையோரமாக ஒரு பயணம்

நகரப் பேருந்தில் ஏறிச் செல்ல முடிந்தவர்கள் தெற்கே போகட்டும். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் உள்ளது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைத் தந்த இயேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் பணிபுரிந்த ஊர் இது. தமிழ் எழுத்துக்களை அச்சில் ஏற்றிய முன்னோடியின் ஊர் வழியாக எத்தனையோ முறை சென்றும், நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறோமா?

இன்னும் தெற்கே மணப்பாடு. 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை கடலோரக் குன்றின் அடியில் இருக்கிறது. குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14-இல் அங்கு பெருவிழா. சவேரியார் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1535 முதல் 1537 வரை, நம் கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழிலே செபம் கற்றுக்கொடுக்க ஆளில்லாத குறையைத்தான் அவர் தீர்த்தார்.

உள்நாட்டுப் பக்கம் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர், இன்று கடல் விலகிப்போய் வயல்களுக்கு நடுவே அமைதியாய்க் கிடக்கிறது. துறைமுகங்களும் நிலையானவை அல்ல என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

விருந்தினருக்கும் நமக்கும் சில வேண்டுகோள்கள்

ஆலயங்களில் திருப்பலி நேரத்தில் படம் எடுக்க வேண்டாம். மீனவரையும் உப்பளத் தொழிலாளரையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, கண் கூசும் வெயிலில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் காட்சிப் பொருட்கள் அல்லர். பாத்திக்குள் இறங்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதியின்றிப் படகில் போய் இறங்கக் கூடாது. மணப்பாட்டுக் கடற்கரையிலும் வேறெங்கும் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வராதீர்கள். அது நேரே கடலுக்குத்தான் போகும்.

அன்பர்களே! 'இலவசம்' என்ற சொல்லைச் சற்று சிந்திப்போம். மேலே சொன்ன எதற்கும் நாம் பணம் கொடுப்பதில்லை. ஆனால் எதுவும் விலையின்றி வந்ததில்லை. அந்த ஆலயத்திற்குக் கல் சுமந்தவர்கள், துன்பத்திலும் விசுவாசத்தை விடாதவர்கள், கப்பலுக்காகச் சிறை சென்றவர், கடலடியில் மூச்சைத் தொலைத்தவர்கள் ஆகியோர் முன்னரே விலை கொடுத்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அதைப் பெற்றுக்கொள்வதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும்தான். கொடையாகப் பெற்றவர்கள் கொடையாகவே கொடுக்க வேண்டும் என்பது ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்ததல்லவா!

ஆகவே அடுத்த முறை விருந்தினர் வந்தால் வழி மட்டும் சொல்லி அனுப்பாமல், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி நாமே கூட்டிச் செல்வோம். உடன் நம் பிள்ளைகளும் வரட்டும். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் அழைப்போம். கல்வெட்டில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் போனபின் கேட்க முடியாது. ஏழு கடற்றுறைகளுக்கும் அடைக்கலமான அன்னை நம்மையும் நம் இல்லம் தேடி வரும் அனைவரையும் காப்பாராக!