ஐந்து மணி நேரம் விழும் தூசி

கொச்சியின் கலூர் பகுதியில் ஒரு புது வீட்டு வாசல். அடுக்களை மேடைக்குக் கிரானைட் பலகை வெட்டுகிறார்கள். கட்டிங் மெஷின் அலறுகிறது, வெள்ளையாய்ப் புகை கிளம்புகிறது. மெஷின் நின்ற கொஞ்ச நேரத்தில் காற்று தெளிந்துவிடும். முகத்தில் கட்டிய தோர்த்துத் துண்டை அவிழ்த்துவிட்டு, வெட்டியவர் பீடி பற்றவைக்கிறார்.

அவர் அவிழ்த்தது தப்பான நேரத்தில். கட்டியிருந்தபோதும் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம். நுண்தூசிக்குத் தோர்த்தின் இழைகளுக்கு நடுவே வாசலே திறந்திருக்கிறது.

தூசி விழுகிற கணக்கு விசித்திரமானது. துகளின் அளவு பத்தில் ஒன்றானால், விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் பத்து மைக்ரான் துகள் ஆளின் வாய் உயரத்திலிருந்து அசையாத காற்றில் தரை சேர மூன்று நிமிடம் போதும். ஒரு மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தத் துகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று புரியும். கண்ணை உறுத்துகிற தூசியை மூக்கே பிடித்து நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகிறது.

அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. கிருமி செரிக்கும், குவார்ட்ஸ் செரிக்காது. விழுங்கிய செல் செத்து, துகள் வெளியே வர, அடுத்த செல் விழுங்குகிறது. சுற்றிலும் தழும்பு வளர்கிறது. சிலிக்கோசிஸ் என்பது இதுதான். கல் வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது, திருப்பிச் சரிசெய்ய மருந்து இல்லாதது, காசநோய்க்கு இடம் கொடுப்பது. தமிழர்கள் பெருமளவில் இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில் 1940களிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்துவிட்டார்கள்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. மார்பிள் பெரும்பாலும் சுண்ணாம்பு வகை. கிரானைட்டில் கால் பங்கு, சிலவற்றில் இன்னும் கூடுதலாக, குவார்ட்ஸ். பளபளவென்று ‘குவார்ட்ஸ்’ என்ற பெயரிலேயே விற்கிற செயற்கைப் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அதைத் தடைசெய்துவிட்டது.

இதற்கெல்லாம் எதிரி தண்ணீர்தான், ஆனால் இடம் தப்பினால் அதுவும் வீண். காற்றில் ஏறிவிட்ட நுண்துகள் நீர்த்துளியில் மோதுவது அபூர்வம். துளியைச் சுற்றி வளைகிற காற்றோடு சேர்ந்து அதுவும் நழுவிவிடும். பிளேடு கல்லைக் கடிக்கிற இடத்திலேயே, தூசி பறக்குமுன் நனைக்க வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கையாள் பிழிந்துகொண்டே நிற்பாரே, அந்தக் கைவைத்தியத்தின் யோசனை சரியானதுதான். போதாதது அளவு: கையால் பிடித்து வெட்டும் ரம்பத்துக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்கிறது பிரிட்டன் வழிகாட்டல். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டே நிமிடம். விடாமல் ஒழுகும் குழாய் பொருத்திய, தண்ணீரோடு ஓடவென்றே செய்த மெஷின் வேண்டும். கரண்டும் தண்ணீரும் சேர்வதால் மின்கசிவைக் கண்டு அணையும் சுவிட்சும் வேண்டும்.

வெட்டி முடிந்ததும் தரையில் சாம்பல் நிறச் சேறு தேங்கும். ஈரம் இருக்கும்போதே வழித்து எடுத்துவிடுவது நல்லது. காயவிட்டு மறுநாள் காலை துடைப்பத்தால் கூட்டினால், ஐந்து மணி நேரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.