கணினிக்குக் காது கொடுத்த காட்டூர்க்காரர்

புத்தளம் களப்பில் வலையை இழுத்துவிட்டுக் கரையேறுகிறவர், நண்டு விலை என்னவென்று கேட்க ஃபோனில் எழுத்துத் தேடிக்கொண்டிருப்பதில்லை. வாய்க்கருகே பிடித்துப் பேசி, வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அதே ஃபோனில் மைக் குறியைத் தொட்டுவிட்டுப் பேசினால், பேச்சு எழுத்தாகவும் வருகிறது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சிங்களமும் 2017இல் சேர்ந்தன. இந்த வசதியின் ஆணிவேர்களில் ஒன்று, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த ஒரு விவசாயி மகன் வரை போகிறது.

அவர் பேராசிரியர் ராஜ் ரெட்டி. கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதைப் பெற்ற முதல் ஆசியர்.

1937 ஜூன் 13ஆம் திகதி, ஆந்திரத்தின் அன்றைய சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆரம்பப் பள்ளியில் தாளும் பேனாவும் இல்லை. மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார். காளஹஸ்தியில் உயர்நிலைப் பள்ளி, பிறகு கிண்டி. அவர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான். 1958இல் சிவில் பொறியியல் பட்டத்தோடு வெளியே வந்தவரை அவுஸ்திரேலியப் பயணம் வேறு பாதையில் திருப்பியது. அங்கேதான் கணினியோடு பழக்கம் ஏற்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் முதுகலைப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அடுத்து அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு வழிகாட்டியவர், ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற துறைக்கே பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி. ரெட்டி எடுத்துக்கொண்ட கேள்வி, மனிதர் பேசுவதைக் கணினி கேட்டுப் புரிந்துகொள்ளுமா என்பது. 1966இல் அதற்காகவே முனைவர் பட்டம் பெற்றார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிற நாம், பேச்சில் விடுவதில்லை. ‘மீன் எடுத்தீங்களா’ என்பது வாயிலிருந்து ‘மீனெடுத்தீங்களா’ என்றே வருகிறது. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போதாததற்கு ஆளுக்கு ஆள் குரல் மாறும், வேகம் மாறும், பின்னணியில் காற்றும் இயந்திரமும் இரையும்.

1969இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ரெட்டி, இந்தச் சிக்கலைத் தனி ஒருவராக அவிழ்க்கப் பார்க்கவில்லை. ஒரு குழுவையே திரட்டினார். முதலில் ‘ஹியர்சே’ பிறந்தது. சதுரங்கக் காய்களை எங்கே நகர்த்த வேண்டும் என்று வாயால் சொன்னால் அது புரிந்துகொண்டது. அதற்கடுத்த ‘ஹியர்சே-2’ கரும்பலகை முறையைக் கொண்டுவந்தது. ஒலியை அறிந்த நிரல், சொற்களை அறிந்த நிரல், இலக்கணத்தை அறிந்த நிரல் என ஒவ்வொன்றும் தன் ஊகத்தைப் பொதுப் பலகையில் எழுதும். ஒன்று எழுதியதை மற்றொன்று பார்த்துத் திருத்தும். 1976இல் வந்த ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்திருந்தது. எல்லாச் சாத்தியங்களையும் சோதித்து நேரத்தை வீணாக்காமல், நம்பிக்கை தரும் சில வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடும் உத்தியை அது கையாண்டது. பேச்சறி ஆய்வில் அந்த உத்தி பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

ரெட்டியின் ஆய்வைவிட அவருடைய மாணவர் பட்டியல் நீளமானது. கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்ற ஜேம்ஸ் பேக்கர், மனைவி ஜேனட்டுடன் 1982இல் ‘டிராகன் சிஸ்டம்ஸ்’ தொடங்கினார். 1997இல் அவர்களின் மென்பொருள் சாதாரண மேசைக் கணினியிலேயே சரளமான பேச்சை எழுத்தாக்கியது. தைவானில் பிறந்த கை-ஃபூ லீயின் கதை இன்னும் சுவையானது. ஆசிரியர் காட்டிய பாதையை விட்டுவிட்டு, முழுக்கப் புள்ளியியல் முறையில் போகிறேன் என்றார் லீ. ரெட்டிக்கு அதில் உடன்பாடில்லை, அதை மறைக்கவுமில்லை. ஆனாலும் வேண்டிய ஆதரவைக் கொடுத்தார். 1988 அளவில் உருவான லீயின் ‘ஸ்பிங்ஸ்’, யார் பேசினாலும், நிறுத்தாமல் பேசினாலும் புரிந்துகொண்டது. மாணவன் சொன்னதே சரியென்று ஆயிற்று.

ரெட்டிக்கு விருதுகள் தொடர்ந்தன. பிரான்ஸ் 1984இல் லெஜியன் ஒஃப் ஒனர் வழங்கியது. எட்வர்ட் ஃபைகன்பாமுடன் இணைந்து 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது. 2001இல் இந்தியாவின் பத்மபூஷண். கார்னகி மெலனின் ரோபோ ஆய்வு நிறுவனத்தை 1979இல் நிறுவி 1991 வரை நடத்தியவரும் அவரே.

இவ்வளவு உயரத்திலிருந்தும் அவர் கண் கிராமத்தை விட்டு விலகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கணினியால் என்ன பயன் என்ற கேள்வி அவரைத் துரத்தியது. 2004இல் அவர் முன்வைத்த ‘பிசி-டிவிடி’ திட்டம், கணினியையும் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் ஒரே பெட்டியில் சேர்த்து, ரிமோட்டால் இயக்கும்படி யோசித்தது. அவருடைய ‘பத்து லட்சம் நூல்’ திட்டத்தில் இந்தியா, சீனா, எகிப்து நாடுகளின் நூலகங்களோடு சேர்ந்து, 2007க்குள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவாக்கினார்கள். அதன் இந்தியப் பிரிவில் பழைய தமிழ் நூல்களும் வாசகருக்குக் கிடைத்தன. 2008இல் ஆந்திரத்தில் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். கிராமத்து அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் சிறந்து விளங்கியவர்களை எடுத்து, ஆறு ஆண்டில் பொறியாளராக்குவது அதன் நோக்கம்.

இலங்கையிலும் இதே கவலையோடு உழைத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியை நிறுவிய வி. கே. சமரநாயக்க, 1998இல் வித்யாஜோதி விருது பெற்றவர், 2007இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டளவில் அக்கல்லூரி தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், வளாகத்துக்குள் இடம் கிடைக்காத பிள்ளைகளும் சொந்த ஊரிலிருந்தே பட்டதாரியாக வழி திறந்தது.

பேச்சறிதலில் நம் கரையோரத்துக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. இன்றைய கணினி, கேட்ட குரல்களிலிருந்தே கற்கிறது. கேட்காத வழக்கில் தடுமாறுகிறது. புத்தளம் மாவட்டத்திலோ தமிழ் பல விதம். புத்தளம் நகர முஸ்லிம்களின் பேச்சு ஒன்று, உடப்பு மீனவரின் பேச்சு வேறு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள் மன்னார், யாழ்ப்பாண வழக்குகளைக் கொண்டுவந்தார்கள். சிலாபம் பக்கம் போனால் சிங்களம் கலந்த தமிழும் காதில் விழும்.

இவற்றைக் கணினியின் காதில் போட வழியுண்டு. மொசில்லாவின் ‘கொமன் வொய்ஸ்’ திட்டம் தமிழ்க் குரல்களை ஏற்கிறது. திரையில் வரும் வாக்கியத்தை ஃபோனிலேயே வாசித்துப் பதிவுசெய்யலாம். பிறர் வாசித்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பதிவும் சில விநாடிகள்தான். சேரும் குரல்களை எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முந்தலிலும் உள்ள பாடசாலைகள், தகவல் தொழில்நுட்பப் பாடவேளை ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். மாணவர்கள் மட்டும் போதாது. வாப்பாவையும் உம்மம்மாவையும் அம்மாச்சியையும் வாசிக்க வைக்க வேண்டும். இளைய குரல்களே நிறைந்த தொகுப்பில் முதியவர்களின் குரலுக்குத்தான் தட்டுப்பாடு.